அக்கரைத் தோட்டம்

நம் ஊரில் புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, அவற்றை நசுக்கிக்கொண்டுதான் வண்டி தெருவில் இறங்கும். கிறிஸ் ஸ்டுவர்ட் எழுதிய ‘டிரைவிங் ஓவர் லெமன்ஸ்’ என்ற புத்தகத்தின் பெயரைக் கேட்கும் தமிழருக்கு அந்தக் காட்சிதான் முதலில் கண்ணில் வரும். புத்தகத்தில் எலுமிச்சை கிடப்பது வேறு விதமாக. தெற்கு ஸ்பெயினில் ஒரு மலைச்சாலை. மரங்களிலிருந்து உதிர்ந்த பழங்கள் வழியில் சிதறிக் கிடக்கின்றன. நிலம் வாங்க வந்த ஆங்கிலேயர் பழத்தின் மேல் வண்டியை ஏற்றத் தயங்குகிறார். நிலம் காட்ட வந்த பெண்மணி ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறார். அவ்வளவுதான்.

இந்தச் சின்னக் காட்சிக்குள் ஒரு வட்டாரத்தின் வரவு செலவே அடங்கியிருக்கிறது. பழம் சாலையில் கிடந்து அழுகுகிறது என்றால் மரம் நன்றாகக் காய்க்கிறது. பறிக்க ஆள் இல்லை. ஆள் வைத்துப் பறித்தால் கூலிக்குக்கூட விலை தேறாது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் எலுமிச்சை சக்கரத்தின் அடிக்கு வரும். பழமரங்களை நம்பி ஒரு குடும்பம் நாடு விட்டு நாடு போகப்போகிறது. அந்தக் குடும்பத்துக்கு நிலம் சொல்லும் முதல் செய்தி இது. இதை விளக்கி ஒரு பத்தி எழுதியிருந்தால் நயம் போயிருக்கும். ஸ்டுவர்ட் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். நல்ல எழுத்தாளருக்கு எங்கே நிறுத்தாமல் போக வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951இல் பிறந்தவர். பள்ளி நாட்களில் ‘ஜெனிசிஸ்’ ராக் குழுவின் தொடக்ககால டிரம்மர். 1968இல் வந்த முதல் இரண்டு இசைத்தட்டுகளில் வாசித்துவிட்டு அந்த ஆண்டே வெளியேறினார். பிறகு சர்க்கஸில் டிரம்ஸ், பாய்மரப் படகில் வேலை, பயணக் கையேடுகளுக்கு எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழில். 1988இல், மனைவி அனா இங்கிலாந்தில் இருக்க, அவர் பார்ப்பதற்கு முன்பே கிரனாடாவுக்குத் தெற்கே அல்புஹார்ராஸ் மலைப்பகுதியில் ‘எல் வலேரோ’ என்ற தோட்டத்தைப் பேசி முடித்துவிட்டார். நண்பர்கள் புதிதாகத் தொடங்கிய ‘சார்ட் ஆஃப் புக்ஸ்’ பதிப்பகம் 1999இல் இந்த நூலை வெளியிட்டது. இவரைச் சந்திப்பவர்கள் பெரும்பாலும் அந்த ராக் குழுவைப் பற்றித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. எனக்கு அதில் ருசி இல்லை. தோட்டத்தில்தான் இருக்கிறது.

வாங்கியபோது அந்தத் தோட்டத்துக்குப் பாதை கிடையாது. குழாய்த் தண்ணீர் கிடையாது. மின்சாரம் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நம் பழமொழி. வெளிநாட்டில் தோட்டம் வாங்கும் எல்லோருக்கும் அதைச் சொல்லிப் பயமுறுத்தலாம். எல் வலேரோவில் அக்கரை உண்மையாகவே பச்சைதான். அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகும்போதுதான் இந்தப் புத்தகத்தின் ருசி கூடுகிறது.

மேலே சியர்ரா நெவாடா மலைத்தொடர். அதன் தலைச்சிகரம் முலாசென், 3,479 மீட்டர். ஸ்பெயினின் பெருநிலப்பரப்பில் அதைவிட உயர்ந்தது இல்லை. அந்த மலையின் தென்சரிவு அல்புஹார்ராஸ். குடும்பத்துக்குக் கடைத்தெருவான ஓர்ஹிவா ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆலிவும். மேலே ஏறினால் பாதாமும் அத்தியும். இன்னும் ஏறினால் செஸ்ட்நட் மரங்கள். 1,400 மீட்டருக்கு மேல் ட்ரெவேலெஸ் என்ற ஊர். அங்கே பன்றித் தொடையை உப்பிலிட்டு மலைக்காற்றில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவது தொழில். வடக்கிலிருந்து வரும் வாடையைப் பெரிய மலை மறிக்கிறது. தெற்கே சிறிய மலைகள் கடலை மறைத்து நிற்கின்றன. எலுமிச்சை மரத்தடியில் நின்றுகொண்டு பனிமலையைப் பார்க்கலாம். இந்த இரண்டையும் ஒரே பார்வையில் கொடுக்கிற இடங்கள் உலகில் குறைவு.

ஆனால் மழை குறைவு. கோடையில் மாதக்கணக்கில் ஒரு துளி விழாது. எலுமிச்சைக் குடும்பமோ கோடையில்தான் தண்ணீர் கேட்கும். மழைக்கும் மரத்துக்கும் பொருந்தாத இந்தக் கணக்கை நேர் செய்வது பனி. குளிர்காலம் முழுவதும் சிகரத்தில் சேர்ந்த பனி, வசந்தத்தில் உருகத் தொடங்கி, கோடையில் கீழே வந்து சேர்கிறது. தானாக வந்து சேர்வதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர்கள் அதை அழைத்து வருகிறார்கள்.

அப்படி அழைத்துவரும் வாய்க்கால்களுக்கு அங்கே ‘அசேகியா’ என்று பெயர். ஸ்பெயினின் தென்பகுதி முஸ்லிம் அரசுகளிடம் இருந்த காலத்தில் வெட்டப்பட்டவை. ஆற்றின் மேற்பகுதியில் கல்லும் கிளையும் மண்ணும் போட்டு ஒரு தடுப்பு. அங்கிருந்து பிரியும் வாய்க்கால் மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டு, மடிப்புக்கு மடிப்பு வளைந்து, ஆறு கீழே கீழே இறங்க இது மட்டும் மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. இதில் எல்லாமே வாட்டம்தான். வாட்டம் கூடினால் தண்ணீர் கரையை அரித்துவிடும்; குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும். பாறை மலையில், கிலோமீட்டர் கணக்கில், இந்த வாட்டத்தை இவ்வளவு நுட்பமாகப் பிடித்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இன்னொரு நுட்பம், என்னை மிகவும் கவர்ந்தது: இந்த வாய்க்கால்கள் ஒழுகும். மண் வாய்க்கால்தானே. ஒழுகுகிற தண்ணீரில் சரிவின் கீழ்ப்பக்கம் செஸ்ட்நட்டும் ஓக்கும் வளர்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் காய்ந்து பழுப்பேறிய மலையின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு ஓடும். வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாது; அதன் ஒழுக்குத்தான் தெரியும். சிக்கனம் என்று சொல்லி இதைச் சிமெண்டிட்டு, அல்லது குழாய்க்குள் அடைத்துவிட்டால், அந்தக் கோடு சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். பொறியாளரின் கணக்கில் ஒழுக்கு நட்டம். மலையின் கணக்கில் அது வரவு.

மலையின் உச்சிப் பகுதியில் இதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கே சில வாய்க்கால்கள் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோவதே இல்லை. உருகிவரும் பனிநீரை, நுண்துளைகள் நிறைந்த பாறைப் பகுதிகளுக்குத் திருப்பி, அங்கேயே நிலத்துக்குள் இறங்க விட்டுவிடுகின்றன. நிலத்தடியில் மெதுவாக நடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, கீழே இருக்கும் ஊற்றுகளில் அந்தத் தண்ணீர் வெளிவரும். வசந்தத்தில் மிஞ்சியதைக் கோடைக்குச் சேமிக்கிறார்கள். அணை இல்லாமல், தொட்டி இல்லாமல், மலையையே களஞ்சியமாக வைத்து. கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் ஊர்க்காரர்களோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து, கைவிடப்பட்டுத் தூர்ந்த இத்தகைய வாய்க்கால்களை மண்வெட்டியால் தூர்வாரி மீட்டு வருகிறார்கள்.

மண்வெட்டி என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்கத் தோன்றுகிறது. ஆங்கிலேயர் தோட்டத்தில் பிடிப்பது ஸ்பேடு. நிமிர்ந்து நின்று, காலால் மிதித்து, முன்னே அழுத்துவது. ஈர மண்ணுக்கும் புல்தரைக்கும் அது பொருந்தும். அல்புஹார்ராஸில் பிடிப்பது ‘அசாதா’. குனிந்து, ஓங்கி, தன் பக்கமாக இழுப்பது. நம் மண்வெட்டியின் உறவு. மடையைத் திறக்கவும் அடைக்கவும் இதுதான் வேண்டும். ஓடும் தண்ணீருக்கு நடுவே நின்று, ஒரே இழுப்பில் மண்ணை அள்ளி வாயை அடைத்து, அடுத்த இழுப்பில் பக்கத்துப் பாத்தியைத் திறக்க ஸ்பேடால் முடியாது. சசெக்ஸிலிருந்து வந்த ஒருவர் தோட்டக்காரராவதற்கு முதலில் மாற வேண்டியது மொழியல்ல, முதுகு. தள்ளிப் பழகிய உடல் இழுக்கப் பழக வேண்டும்.

தண்ணீர் முறை வைத்து வரும். இன்ன தோட்டத்துக்கு இன்ன நாள், இன்ன மணி. முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து போய் நிற்க வேண்டும். தண்ணீர் வந்ததும் மேல் படியில் மடை திறந்து, அது நிறைந்ததும் அடுத்த படி, அதற்கடுத்த படி. படிப்படியான நிலம் என்பதால் எலி வளை ஒன்று கவனிக்காமல் விட்டுப்போனாலும் முழுத் தண்ணீரும் அதில் இறங்கி, கீழ்ப்படியின் கல்சுவரைத் தள்ளிவிடும். எனவே பாய்ச்சுவது என்றால் காவல் நிற்பது. நூலில் ஸ்டுவர்ட் தண்ணீரைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவருடைய நடை சற்று நிதானமாவதை நான் கவனித்திருக்கிறேன். மற்ற இடங்களில் துள்ளி ஓடும் மனிதர், வாய்க்கால் ஓரத்தில் நின்றுவிடுகிறார்.

இந்த வாய்க்காலுக்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. அதைத் தாண்டி எலுமிச்சையை மட்டும் ருசிப்பது நியாயமாகாது. 1492இல் கிரனாடா கிறித்தவ அரசிடம் வீழ்ந்தது. முஸ்லிம்களாயிருந்து கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட மோரிஸ்கோ மக்கள் 1568இல் இந்த மலையில் கிளர்ந்தெழுந்தார்கள். 1571க்குள் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மக்கள் கூட்டங்கூட்டமாக மலையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். காலியான ஊர்களில் வடக்கு ஸ்பெயினிலிருந்து குடியானவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். மழை நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த வாய்க்காலின் சூட்சுமம் தெரியாது. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மோரிஸ்கோ குடும்பங்களை மட்டும் தண்ணீர் முறையைக் கற்றுக்கொடுப்பதற்காக விட்டுவைத்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்த இரண்டு குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். உறவு முழுவதும் போன பிறகு, தங்களைத் துரத்தியவர்களின் ஆட்களுக்கு, இந்த மடையை இப்படித் திற என்று காட்டிக்கொடுக்க வேண்டிய நிலை.

அப்படியானால் ஸ்டுவர்ட் குடும்பம் அந்த மலைக்கு வந்த முதல் அயலார் அல்ல. அங்கே இன்று பூர்வகுடிகளாகத் தெரிகிறவர்களின் முன்னோரும் ஒருநாள் திகைத்து நின்று தண்ணீர் பாய்ச்சக் கற்றவர்கள்தான். இந்த வரலாற்றை மனத்தில் வைத்துப் படித்தால், பக்கத்துத் தோட்டத்துத் தொமிங்கோ புதியவருக்குச் சுவர் வைக்கக் கற்றுக்கொடுக்கும் பகுதிகள் வேறோர் ஒளியில் தெரியும்.

எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் அருமைகளைத் தனியாகச் சொல்ல ஆசை. எலுமிச்சை மரம் ஒரே கிளையில் மொட்டு, பூ, பிஞ்சு, காய், பழம் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும். மாமரம் போல ஒரு பருவம் வைத்துக் கொடுப்பதல்ல அதன் குணம். ஊதா படர்ந்த மொட்டு விரிந்தால் உள்ளே வெள்ளை. ஆரஞ்சுப் பூவில் அந்த ஊதா இருக்காது, முழுக்க வெள்ளை. இலையைக் கசக்கினாலும் இரண்டும் வேறு வேறு மணம். ஏப்ரலில் ஆரஞ்சு பூக்கும்போது பள்ளத்தாக்கே மணக்கும். கிரனாடாவிலிருந்து ஓர்ஹிவாவுக்கு இறங்கும் வழியில் லெக்ரீன் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆரஞ்சுக்குப் பேர்போன இடம்.

ஆரஞ்சுத் தோலின் நிறம் பழுத்ததற்கு அடையாளம் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது குளிரின் அடையாளம். இரவின் வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் தோலின் பச்சையம் கலைந்து பொன்னிறம் மேலே வரும். அதனால்தான் வெப்ப நாட்டில் சாத்துக்குடி உள்ளே இனித்தாலும் வெளியே பச்சையாகவே இருக்கிறது. ஓர்ஹிவாவின் ஆரஞ்சு அப்படி எரிவதற்குக் காரணம் மேலே இருக்கும் பனிமலை. பகலில் தென்வெயில், இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று. தண்ணீரைக் கொடுத்த மலையே நிறத்தையும் கொடுக்கிறது.

ஆரஞ்சு பறித்த பிறகு பழுக்காது. மரத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். ஆனால் பழுத்த பிறகும் மரத்திலேயே வாரக்கணக்கில், சில வகை மாதக்கணக்கில், கெடாமல் நிற்கும். சிறு தோட்டக்காரருக்கு இது பெரிய வசதி. குளிர்பதனக் கிடங்கு இல்லாதவருக்கு மரமே கிடங்கு. பறிக்கும்போது இழுத்துப் பறித்தால் காம்புப் பக்கத்தில் தோல் கிழியும், அங்கிருந்து அழுகும். கத்தரியால் காம்பின் பொத்தான் பழத்தோடு நிற்கும்படி வெட்ட வேண்டும். ஒரு கூடைப் பழத்தைப் புரட்டிப் பார்த்தால் பறித்தவர் பொறுமைசாலியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மரத்துக்குத் தண்ணீர் வேண்டும், தூரில் தேங்கக் கூடாது. தேங்கினால் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் பட்டைக்குள் புகுந்து, பட்டை வெடித்துப் பிசின் வடியும். பிசின் வடியும் மரம் அதிக நாள் நிற்காது. அதனால் பாத்திக்குள்ளே தூரைச் சுற்றி இன்னொரு சிறு வரப்பு. இந்த நோயைத் தாங்கும் என்பதற்காகத்தான் நெடுங்காலமாகக் கசப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் இனிப்பை ஒட்டினார்கள். 1950களின் கடைசியிலிருந்து ஸ்பெயினில் பரவிய ‘திரிஸ்தேசா’ வைரஸ் அந்தக் கூட்டணியையே குறிவைத்தது. கசப்பு வேரில் நின்ற இனிப்பு மரங்கள் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. அதே கசப்பு வேரில் நின்ற எலுமிச்சை தப்பியது. ஒட்டுப் பார்க்கிற கண்ணுக்கு, மரத்தூரில் சற்றே புடைத்த அந்த மூட்டுத்தான் தோட்டத்தின் ஜாதகம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னு அல்-அவ்வாம் எழுதிய வேளாண் நூல் 50க்கும் மேற்பட்ட பழமரங்களைப் பற்றியும் ஒட்டும் முறைகளைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. அந்த மண்ணில் ஒட்டுக்கத்தி அவ்வளவு பழைய கருவி.

பாதாமும் ஆலிவும் இந்தத் தோட்டத்தில் உண்டு. பாதாம் அவசரக்காரி, குளிர் போவதற்குள், ஜனவரி பிப்ரவரியிலேயே, இலை வருமுன் பூத்துவிடும். பின்பனி விழுந்தால் அந்த ஆண்டுக் காய்ப்பு போயிற்று. ஸ்டுவர்ட்டின் மூன்றாம் தோட்டப் புத்தகத்தின் பெயரே பாதாம் பூவை ரசிப்போர் சங்கம் என்று பொருள்படும். ஆலிவுக்கு அவசரமே இல்லை. குளிர்காலத்தில் வலை விரித்து, கழியால் தட்டி, மூட்டை கட்டி ஆலைக்குக் கொண்டுபோனால் எண்ணெயாகத் திரும்பி வரும்.

இனி மனிதர்கள். தோட்டத்தை விற்ற பெத்ரோ, விற்றுவிட்டுப் போகவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே, தன் கால்நடைகளோடு, புதிய சொந்தக்காரரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தார். நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வாங்கியவருக்குப் பத்திரம் இருக்கிறது. விற்றவருக்குத் தோட்டம் தெரிகிறது. எந்தப் பாறையின் பின்னால் நிழல் எப்போது விழும், எந்த மிளகாய் எங்கே வரும், தண்ணீர் எங்கே ஏமாற்றும், எல்லாம். அடுப்பில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் குடமிளகாயும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வெந்துகொண்டே இருக்கும். ‘ஏழையின் உருளைக்கிழங்கு’ என்று அந்தப் பதார்த்தத்துக்குப் பெயர். அதோடு அந்த மலையின் பழுப்பு நிறத் திராட்சை மது. இந்த இருவருக்கும் இடையே யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்பது கடைசிவரை தெளிவாகாமல் இருப்பதை ஸ்டுவர்ட் அப்படியே விட்டிருக்கிறார். பெத்ரோவை அவர் கோமாளியாக்கவும் இல்லை, ஞானியாக்கவும் இல்லை. வெளிநாட்டுக் குடியானவரைப் பற்றி எழுதுகிற பலர் இந்த இரண்டில் ஒன்றில் விழுந்துவிடுவார்கள்.

அந்தக் குடும்பம் மலைக்குக் கொண்டுவந்த ஒரே தொழில் ஆட்டு ரோமம் கத்தரிப்பது. அந்தப் பக்கத்துக் கீதாரிகள் கைக்கத்தரியால் செய்துவந்த வேலை. ஸ்டுவர்ட் இயந்திரத்தோடு போய் நிற்கிறார். சுற்றி நின்று பார்க்கிறவர்களின் முகத்தில் நம்பிக்கை இல்லை. ஆட்டை உட்காரவைத்து, முதுகைத் தன் காலில் சாய்த்து, வயிற்றிலிருந்து தொடங்கி ரோமம் முழுவதும் ஒரே போர்வையாகக் கழன்று விழும்படி கத்தரிப்பது நல்ல கைக்காரரின் வேலை. திறமை வேறு, மொழி வேறு. ஸ்பானிய மொழியில் தடுமாறுகிற மனிதரை, கத்தரி பிடித்ததும் ஊர் மதிக்கத் தொடங்குகிறது. தோட்டம் தராத வருமானத்தை இந்தக் கைத்தொழில் பல ஆண்டுகள் தந்தது. சாலையில் கிடந்த எலுமிச்சையின் கணக்கு இங்கேதான் வந்து நேராகிறது: சிறு பழத்தோட்டத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியே உழைக்கிற ஒரு கை.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்புஹார்ராஸ் வீடுகளுக்குத் தட்டையான கூரை. ஸ்பெயினின் மற்றப் பகுதிகளில் உள்ளதுபோல ஓடு இல்லை. மரச்சட்டம், அதன்மேல் நாணல் பரப்பு அல்லது கற்பலகை, அதன்மேல் ‘லாவுனா’ என்ற சாம்பல் நீலக் களிமண். மழைத்துளி பட்டதும் அந்த மண் இறுகி நீரை உள்ளே விடாது. கோடையில் அத்தியும் தக்காளியும் மிளகாயும் அந்தக் கூரையில்தான் காயும். ஆற்றுக் கல்லை எடுத்துவந்து, அதற்கு எந்த முகம் வெளியே இருக்க விருப்பம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வைக்க வேண்டும் சுவர். குடும்பம் தன் வீட்டை இப்படித்தான் எடுத்துக் கட்டியது.

ஆறு நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. குறுக்கே மரச்சட்டங்களால் பாலம் போட்டார்கள். 1990களின் முதற்பாதியில் அந்தத் தென்பகுதி முழுவதும் கடும் வறட்சி, வாய்க்கால் வற்றியது. வறட்சி முடிந்தபோது பெருவெள்ளமாக முடிந்தது. பாலம் போயிற்று. அக்கரை என்பதன் முழுப்பொருள் அப்போதுதான் புரிகிறது: கண்ணுக்கு எதிரே சாலை, போக முடியாது. இரண்டாம் நூலில் இன்னொரு கவலை சேர்கிறது. கீழே அணை கட்டினால் தோட்டம் மூழ்கும் என்ற பேச்சு. நிலத்தை விலை கொடுத்து வாங்கலாம், ஆற்றின் போக்கை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

மகள் க்ளோயி அங்கேதான் வளர்ந்தாள். பெற்றோருக்கு அது வந்த ஊர். அவளுக்குப் பிறந்த ஊர். ஓர்ஹிவாவின் பள்ளிக்குப் பேருந்தில் போய்வந்தாள். அவள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, அந்தப் பேருந்து நிறுத்தத்தில் காத்துநிற்கும் பெற்றோரின் நாட்கள் முடிந்ததைப் பற்றித்தான் 2014இல் வந்த நூலின் பெயர். அனாவைப் பற்றி ஸ்டுவர்ட் அடக்கமாகவே எழுதுகிறார். செடி அறிவும் கணக்கும் நிதானமும் அந்த வீட்டில் யாரிடம் இருந்தன என்பது வரிகளுக்கு இடையே தெரிகிறது. யாரையும் அண்டவிடாத ஒரு கிளி, அனாவின் தோளை மட்டும் தேடி வந்து அமரும். எத்தனையோ பாராட்டுரைகளைவிட அந்தக் கிளி சொல்வது அதிகம்.

இதே மலையில் இவருக்கு முன் வந்து எழுதியவர் ஜெரால்ட் பிரெனன். 1920இல் 2,000 புத்தகங்களோடு யெஹென் என்ற ஊரில் வீடு எடுத்துக் குடியேறினார். வர்ஜீனியா வுல்ஃப் அங்கே விருந்தாளியாக வந்து தங்கியிருக்கிறார். 1957இல் வந்த பிரெனனின் ‘சவுத் ஃப்ரம் கிரனாடா’ அறிவில் ஆழமானது; ஊரின் வழக்கங்களைப் பதிந்து வைத்ததில் ஈடில்லாதது. ஆனால் பிரெனன் மலையைப் படிக்க வந்தவர். ஸ்டுவர்ட் மலையிடம் சோறு கேட்டு வந்தவர். பாத்தியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் பிரெனனுக்கு அது ஒரு குறிப்பு. ஸ்டுவர்ட்டுக்கு அது ஓர் ஆண்டின் ஆரஞ்சு. பிழைப்பு கலந்த கவனிப்புக்கு ஒரு கூர்மை உண்டு, அது இந்த நூலில் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம், அல்மேரியாவின் கடலோரத்தில், ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் பரப்பில் பிளாஸ்டிக் கூடாரங்கள் வெள்ளைக் கடலாகப் பரந்து கிடக்கின்றன. ஐரோப்பாவின் குளிர்காலத் தக்காளியும் குடமிளகாயும் அங்கிருந்து போகின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஏழைக் கூலிகளின் உழைப்பில் நடக்கும் தொழில். அதையும் எல் வலேரோவையும் பிரிப்பது சில மலைமுகடுகள் மட்டுமே. ஒரே வெயில், ஒரே பனிமலை. இதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போதுதான், மண் வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சி, கத்தரியால் ஒவ்வொரு பழமாகப் பறிக்கும் தோட்டம் எவ்வளவு அரிதாகிக்கொண்டிருக்கிறது என்பது உறைக்கும்.

வெளிநாட்டில் பழைய வீடு வாங்கிப் புதுவாழ்வு தொடங்கிய ஆங்கிலேயர்களின் புத்தகங்கள் ஓர் அலையாக வந்த காலம் அது. பீட்டர் மெயிலின் ‘எ இயர் இன் ப்ரொவான்ஸ்’ 1989இல் வந்து வழி திறந்தது. அவற்றில் பலவற்றை ஒரு மாலையில் படித்து மறந்துவிடலாம். ஸ்டுவர்ட்டின் முதல் நூலை அப்படி மறக்க முடியாது. பின்னால் வந்த தோட்ட நூல்கள் இனிமையானவை, ஆனால் முதல் நூலின் செறிவு அவற்றில் இல்லை. எழுத்தாளர் புகழ் பெற்றுவிட்ட பிறகு தோட்டம் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் முதல் நூலை எடுத்து, பக்கத்தில் அந்த மலையின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நிதானமாகப் படியுங்கள். தண்ணீர் வரும் பக்கங்களை இரண்டு முறை படியுங்கள்.